ஆண்டை விட்டு விடைத்தாளைப் பாருங்கள்

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் இயங்கும் தரவுப் பகுப்பாய்வு நிறுவனங்களின் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். தொடக்கநிலை ‘டேட்டா அனலிஸ்ட்’ பணிக்கு வருபவர்களைப் பட்டம் பெற்ற ஆண்டை வைத்துக் கழித்துவிடும் வழக்கம் தாங்கள் அறிந்ததே. அதை நான் விளக்க வேண்டியதில்லை. சென்ற மாதம் எனக்கு நேர்ந்ததைச் சொல்ல மட்டும் அனுமதியுங்கள்.

‘எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம், முன் அனுபவம் தேவையில்லை’ என்று உங்களில் ஒரு நிறுவனம் வெளியிட்ட விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன். இணையவழித் தேர்வில் எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் கணினி மொழி), எக்செல் இரண்டிலும் தேறி, நேர்முகத்துக்கு அழைப்பு வந்ததும் நான்கு வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, ஈரோட்டிலிருந்து இரவுப் பேருந்து ஏறி, காலை எட்டரைக்கெல்லாம் சோழிங்கநல்லூரில் அந்த அலுவலகத்தின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்குச் சான்றிதழ் சரிபார்க்க அழைத்தார்கள். அங்கிருந்த இளைஞர் என் பி.எஸ்சி. கணிதப் பட்டத்தின் நகலைப் பார்த்து, 2016 என்ற எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டார். “நீங்க 2016 பேட்சா மேடம்? எங்களுக்கு 2024, 2025 பாஸ் அவுட் மட்டும்தான்” என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ஆண்டை விண்ணப்பப் படிவத்திலேயே நான் நிரப்பியிருந்தேனே! அதைப் படிக்காமல் தேர்வு எழுத வைத்து, நானூறு கிலோமீட்டர் வரவழைத்து, மூன்று மணி நேரம் காக்கவைத்தது எந்த வகையில் நியாயம்?

இடைப்பட்ட ஆண்டுகளை நான் சும்மா கழிக்கவில்லை. மகள் பிறந்தபோது வீட்டிலிருந்த ஓராண்டைத் தவிர, துணி மொத்தக் கடை ஒன்றில் கணக்குப் பார்த்தேன். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது கடையின் சரக்கு முழுவதற்கும், பொருளின் வகையைக் காட்டும் எச்.எஸ்.என். குறியீடு போட்டவள் நான். சரக்கு அனுப்பியவர்கள் எங்கள் பெயரில் பதிவு செய்த பில்களின் பட்டியலான ஜி.எஸ்.டி.ஆர்.-2பி மாதந்தோறும் 14-ஆம் தேதி வந்ததும், 20-ஆம் தேதிக்குள் அதை எங்கள் கொள்முதல் பதிவேட்டோடு வரிக்கு வரி ஒத்துப் பார்ப்பேன். பில் எண்ணில் ஒரு சாய்கோடு விடுபட்டிருந்தாலும் இரண்டும் பொருந்தாது. அதைத் தேடிப் பிடித்து, சரக்கு அனுப்பியவருக்குப் போன் போட்டுத் திருத்த வைப்பேன். இரண்டு அட்டவணைகளைச் சேர்த்து வைத்து, பொருந்தாததைப் பிரித்தெடுத்து, ஏன் பொருந்தவில்லை என்று சொல்லும் வேலை அது. உங்கள் தேர்வில் ‘லெஃப்ட் ஜாயின்’ என்ற பெயரில் கேட்கப்பட்ட கேள்வியும் அதுதான். அதற்குச் சரியாக விடை எழுதியதால்தானே என்னை அழைத்தீர்கள்?

புதியவருக்கான பணிக்கு வந்தால் ஆண்டு கடந்துவிட்டது என்கிறீர்கள். அனுபவம் உள்ளவருக்கான பணிக்கு வந்தால் பகுப்பாய்வில் அனுபவம் இல்லை என்கிறீர்கள். குடும்பக் கடனுக்காகக் கிடைத்த வேலையில் சேர்ந்தவர்களும், குழந்தைக்காக வேலையை விட்ட பெண்களும், 2020-இல் ஊரடங்குக்கு நடுவே படிப்பு முடித்தவர்களும் எந்த வாசலில் போய் நிற்பது? சென்னை ஐ.ஐ.டி. தன் இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பில் சேர வயது வரம்பு வைக்கவில்லை. கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு இல்லாத தயக்கம் வேலை கொடுக்கிறவர்களுக்கு மட்டும் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. புதியவருக்குரிய சம்பளமே போதும் என்றுதான் நானும் என்னைப் போன்றவர்களும் வருகிறோம். இருபத்திரண்டு வயதுக் குழுத்தலைவரின் கீழ் வேலை செய்யவும் எங்களுக்குத் தடையில்லை.

கோபத்தில் ஏதேனும் கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். நான் கேட்பது சலுகை அன்று. தொடக்கநிலைப் பணிகளுக்குப் பட்டம் பெற்ற ஆண்டைத் தகுதியாக வைப்பதைத் தயவுசெய்து கைவிடுங்கள். எல்லாருக்கும் வைக்கும் அதே தேர்வை எங்களுக்கும் வைத்து, விடைத்தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதற்கு உடனே மனம் வராவிட்டால், எந்த ஆண்டு முடித்தவர்கள் மட்டும் வேண்டும் என்பதை விளம்பரத்தின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். பேருந்துக் கட்டணமாவது எங்களுக்கு மிஞ்சும்.

இப்படிக்கு,
தங்கள் தேர்வில் தேறிய ஈரோட்டு விண்ணப்பதாரர்