ஆற்றங்கரையில் பலகை நடுகிறவர்களுக்கு

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

உங்கள் பதவிப் பெயர் எனக்குத் தெரியாது, அதனால்தான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். ஆற்றங்கரையில் சிவப்பு எழுத்தில் பலகை நடுகிறவர் யாரோ அவருக்கு. பிரதேச சபையாக இருக்கலாம், பிரதேச செயலகமாக இருக்கலாம், பொலிசாக இருக்கலாம், மூன்று பேரும் சேர்ந்து நட்டதாகவும் இருக்கலாம். இடத்தின் பெயரை எழுத மாட்டேன். அங்குள்ள ஒருவரை மாட்டிவிடுவது என் நோக்கமில்லை. அதோடு பெயரை எழுதினால் அடுத்த போயா லீவுக்குக் கொழும்பில் பாதிப்பேர் அங்கே நிற்பார்கள், எங்களுக்கு வான் நிறுத்த இடமிருக்காது.

நான் மட்டக்குளியில் இருக்கிறேன். களனி கங்கை கடலில் விழுகிற இடம் எங்கள் வீட்டிலிருந்து நடை தூரம்தான். சிவனொளிபாதமலைப் பக்கம் ஊற்றெடுத்து 145 கிலோமீற்றர் ஓடி வருகிற ஆறு, எங்களிடம் வந்து சேரும்போது பழுப்பாக, வெற்றுப் போத்தல்களையும் சல்வீனியா என்கிற நீர்க்களையையும் சுமந்துகொண்டு, இதற்கு மேல் நடக்க முடியாது என்கிற மாதிரி வரும். யாரும் அதில் குளிப்பதில்லை. ஆனால் அதே ஆற்றை அம்பத்தலையில் இறைத்துச் சுத்தப்படுத்திக் குழாயில் அனுப்புகிறார்கள், அதைத்தான் குடிக்கிறோம். அப்புறம் மழைக்காலம் வந்தால் வேறு கதை. ஆற்றின் நீர்மட்டம் பார்க்கிற நாகலகம் வீதி அளவுகோலில் எத்தனை அடி என்று கேட்டுக் கேட்டுத்தான் இராத்திரி முழுக்க விழித்திருப்போம். 2016 மே வெள்ளத்தில் எங்கள் ஒழுங்கையில் சின்னப் பிள்ளைக்குக்கூட அந்தக் கணக்கு மனப்பாடம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆற்றைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆட்கள் என்று எங்களை நினைத்துவிடக் கூடாது. கீழே அது என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். மேலே போய்ப் பார்த்ததுதான் புதிது.

சித்திரைப் புத்தாண்டு லீவில் அண்ணா குடும்பமும் நானும் ஒரு ஹைஏஸ் வானை வாடகைக்குப் பிடித்து அவிசாவளை தாண்டிப் போனோம். களனியில் வந்து விழுகிற ஒரு கிளையாறு. ஆறு வளைகிற இடத்தில், இரண்டு பெரும்பாறைகளுக்குக் கீழே ஒரு மடு. தண்ணீர் அப்படி ஒரு தெளிவு, கால் விரல் நகம் தெரிகிறது, இறங்கினால் முதல் நிமிடம் பல் அடித்துக்கொள்கிறது. மட்டக்குளியில் முகத்துவாரத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதுவும் அதுவும் ஒரே தண்ணீர் என்பதை நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

உங்கள் பலகை அங்கேதான் நின்றது. சிங்களத்தில் இரண்டே சொல், ‘நேம தஹனம்’, குளிக்கத் தடை. ஒரு மண்டையோடு. அவ்வளவுதான். ஏன் தடை, எங்கிருந்து எதுவரை தடை, எப்போது தடை, ஒன்றுமில்லை. அதற்குக் கீழே ஐம்பது அறுபது பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். வழியில் இதே மாதிரி நாலைந்து பலகை பார்த்தோம், முழங்கால் தண்ணீர் ஓடுகிற இடத்திலும் அதே மண்டையோடு. எல்லா இடத்திலும் தடை என்றால் மனிதன் என்ன செய்வான், ஒரு இடத்திலும் தடை இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வான். நான் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், நாங்கள் துவாய் காயப்போட்டதே அந்தப் பலகையில்தான்.

இன்னொன்று. வானை நிறுத்தினதும் ஒரு பையன் ரிக்கற் புத்தகத்தோடு ஓடி வந்தான். வாகனத் தரிப்பிடக் கட்டணம். அந்த ரிக்கற்றில் மூன்று மொழியும் இருந்தது, தமிழில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. காசு வாங்குகிற தாளில் தமிழ் வருகிறது, உயிர் போகும் என்று சொல்கிற பலகையில் வரவில்லை. இதை அண்ணாதான் கவனித்துக் காட்டினார். அண்ணா சிங்களம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார், கடையில் நாள் முழுக்க அதுதான். வாசிக்கத் தெரியாது. கொழும்பில் அப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். சரி, கொழும்பிலிருந்து போகிற எங்களை விடுங்கள். அந்த ஆற்றுக்கு மேலே இறப்பர்த் தோட்டம் இருக்கிறது, லயத்துப் பிள்ளைகள் அங்கேதான் குளிக்கிறார்கள், அவர்களுக்கு அது உல்லாசப் பயணம் இல்லை, குளியலறை. அவர்கள் படிக்கிறது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்து தமிழும் அரச கரும மொழி ஆனது, அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். மருமகனுக்குப் பதினொரு வயது. நீச்சல் வகுப்புக்குப் போகிறவன், தடாகத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய் வருவான். அந்தத் தைரியம்தான் எங்களுக்கும். முழங்கால் தண்ணீரில், எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றவன், ஓர் அடி பின்னால் வைத்தான். தலை இல்லை. ஒரு சத்தம்கூட வரவில்லை. கூத்தாடுவான், கையை வீசுவான், ‘காப்பாத்துங்கோ’ என்று கத்துவான் என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அப்படி எதுவும் கிடையாது. அண்ணா கரையில் சோத்துப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார், முதுகு ஆற்றுப் பக்கம். நான் பத்தடி தூரத்தில் இடுப்பளவு தண்ணீரில், நனைந்த சுடிதார் இரண்டு காலையும் சுற்றிக் கட்டியது போல நிற்கிறேன், ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. அண்ணி போட்ட கூச்சல்தான் எல்லோரையும் திரும்ப வைத்தது.

கரையில் வெரளிக்காய் அச்சாறு விற்கிற ஒரு அங்கிள் இருந்தார். அறுபது வயதிருக்கும். அவர் தண்ணீரில் குதிக்கவில்லை. பாறை இடுக்கில் செருகி வைத்திருந்த ஒரு நீள மூங்கிலை இழுத்தெடுத்து நீட்டினார். “அல்லகன்ன புத்தே, அல்லகன்ன!” பிடித்துக்கொள் மகனே. பையன் மேலே வந்த நேரம் கை அதில் பட்டது, பிடித்துக்கொண்டான். மொத்தமாக அரை நிமிடம்கூட இருக்காது. அவனுக்கு ஒன்றுமில்லை, தண்ணீர் குடித்ததோடு சரி. அண்ணாதான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த அங்கிளோடு நான் பேசிக்கொண்டிருந்தேன். இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பேச்சுத்தான். அவர் சொன்னார், வளைவின் உட்புறம் மணல், அங்கே பிள்ளைகள் நிற்கலாம். வெளிப்புறம் ஆறு மோதி அரித்துக்கொண்டே போகிற பக்கம், அங்கே ஆழம். இதுகூடப் பரவாயில்லை, ஊரில் உள்ளவனுக்குத் தெரியும். மோசமானது மணல் அள்ளின குழி. உட்புறத்திலேயே, பாதுகாப்பு என்று எல்லோரும் நிற்கிற பக்கத்திலேயே, இரவில் வந்து மணல் அள்ளிவிட்டுப் போகிறார்கள். மேலே பார்த்தால் தண்ணீர் ஒரே மட்டம், கீழே கிணறு. மருமகன் விழுந்தது அதில்தான். பெரிய வெள்ளம் ஒன்று வந்து போனால் குழி இடம் மாறும், போன வருடம் நின்ற இடம் இந்த வருடம் இருக்காது. பாறைக்குக் கீழே வெள்ளையாக நுரைக்கிற இடத்தில் எவ்வளவு நீந்தத் தெரிந்தவனும் மிதக்க மாட்டான், அது பாதி தண்ணீர், பாதி காற்று.

அப்புறம் கல்லைக் காட்டினார். மடுவின் நடுவில், எருமை படுத்திருப்பது போல முதுகு மட்டும் தெரிகிற ஒரு கரும்பாறை. முதுகு காய்ந்திருந்தால் குளிக்கலாம். முதுகு நனைந்தால் கரையேற வேண்டும். கல்லே தெரியாவிட்டால் அந்தப் பக்கமே இறங்கக் கூடாது. அவருடைய அப்பாவுக்கும் இதே கல்தானாம். நான் சிரித்துவிட்டேன், எங்கள் நாகலகம் வீதி அளவுகோல்தான் இங்கே எருமையாகப் படுத்திருக்கிறது.

அவர் சொல்லி ஒரு மணி நேரம் ஆகவில்லை, நாங்களே பார்த்தோம். எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில். தூரத்தில், மலைப் பக்கம், இரண்டு தரம் இடி உருண்டது. சித்திரையில் பின்னேரம் மலையில் இடியோடு மழை கொட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் கீழே வெயிலில் நிற்கிறவன் அதைத் தன்னோடு சேர்த்து யோசிப்பதில்லை. முதலில் இலையும் குச்சியும் மிதந்து வந்தன. அப்புறம் தண்ணீர் பால் கலக்காத தேத்தண்ணி நிறமானது. ஆற்றின் சத்தம் மாறியது, சலசலப்பு போய் ஒரு கனத்த இரைச்சல். அங்கிள் எழும்பி நின்று இரண்டு கையையும் வாயில் குவித்து “வத்துர எனவா! கொடட்ட என்ன!” என்று கத்தினார். தண்ணீர் வருகிறது, கரைக்கு வாருங்கள். சிங்களம் விளங்கியவர்கள் ஓடினார்கள். அந்தப் பக்கப் பாறையில் இருந்த ஒரு குடும்பம் அப்படியே சிரித்துக்கொண்டு கையசைத்தது, நாங்கள் தமிழில் கத்தின பிறகுதான் இறங்கினார்கள். நாங்கள் பார்சலைச் சாப்பிட்டு முடிக்க முன்னமே எருமை முழுக்க மூழ்கிவிட்டது.

இது மழை செய்தது. பெரிய ஆற்றில் இன்னொன்றும் உண்டு. காசல்ரீ, மவுஸ்ஸாகல, நோர்ட்டன்பிரிட்ஜ், கனியன், லக்சபான என்று களனிக்கு மேலே வரிசையாக அணைகள். கனமழையில் வான்கதவு திறந்தால் செய்தியில் சொல்கிறார்கள், கீழே தாழ்நிலத்தில் இருப்பவர்கள் அவதானமாக இருக்கும்படி. அந்தச் செய்தி எங்களுக்குக் கொழும்பில் கிடைக்கிறது. சிக்னல் இல்லாத ஒரு மடுவில், சாரத்தோடு தண்ணீரில் நிற்கிறவனுக்கு எப்படிக் கிடைக்கும்?

திங்கட்கிழமை ஒரு காரியாலயத்துக்கு போன் எடுத்தேன். அவர்கள் இன்னொரு இலக்கம் தந்தார்கள், அங்கே மூன்றாவது இலக்கம் தந்தார்கள். கரை ஒருவருக்கு, தண்ணீர் ஒருவருக்கு, ரோட்டு இன்னொருவருக்கு. கடைசியாகப் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். “அங்கே குளிக்கக் கூடாது என்று பலகை போட்டிருக்கிறோமே மிஸ்.” அப்படியென்றால் வாகனத்துக்கு ஏன் ரிக்கற் வெட்டுகிறீர்கள் என்று கேட்டேன். “அது வேற செக்‌ஷன்.”

எங்கள் பக்கத்துப் பிழையும் இருக்கிறது, மறைக்கவில்லை. போத்தலோடு வந்து, பாதிப் போத்தல் முடிந்ததும் பாறையில் ஏறித் தலைகீழாகக் குதிக்கிற ஆட்களுக்கு எந்த மொழியில் எழுதினாலும் விளங்காது. அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. பிள்ளைகளோடு, பயத்தோடு, எங்கே நிற்கலாம் என்று கேட்டுக்கொண்டு வருகிற குடும்பங்களுக்காகத்தான் கேட்கிறேன். (பெண்கள் உடுப்பு மாற்ற ஒரு மறைப்பு இல்லை, வானின் இரண்டு கதவுக்கு நடுவே பெட்சீற் பிடித்துக்கொண்டுதான் மாற்றினோம். அதை இன்னொரு மடலில் பேசலாம்.)

நான் கேட்பது பெரிய செலவில்லை. அந்த அச்சாறு அங்கிளுக்குத் தெரிந்ததைப் பலகையில் எழுதுங்கள். ஒவ்வொரு மடுவுக்கும் அப்படி ஒரு ஆள் இருப்பார், அவரைக் கேட்டு எழுதுங்கள், காரியாலயத்தில் இருந்து எழுதாதீர்கள். வளைவைப் படமாகப் போட்டு ஆழமான பக்கத்தைச் சிவப்பாக்குங்கள். அந்தக் கல்லில் ஒரு மஞ்சள் கோடு அடியுங்கள். மூங்கிலுக்குப் பதிலாக ஒரு மிதவை, ஒரு கயிறு, பூட்டுப் போடாத பெட்டியில். வெள்ளம் போன பிறகு ஒருமுறை வந்து, குழி எங்கே என்று பார்த்து, படத்தைத் திருத்துங்கள்.

தமிழுக்கு ஆள் இல்லை என்றால் நானே எழுதித் தருகிறேன், தாய்மாரை நாய்மார் ஆக்கின பலகை மாதிரி ஆகிவிட வேண்டாம். இப்படிப் போடுங்கள்: “மஞ்சள் கோடு நனைந்தால் கரையேறுங்கள். இங்கே வெயில் எறித்தாலும், மலையில் இடி கேட்டால் கரையேறுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் பொருட்களை எடுக்க நிற்காதீர்கள். சிவப்பில் காட்டிய பக்கம் ஆள் தாழும் ஆழம். ஒருவர் மூழ்கினால் குதிக்காதீர்கள், கம்பை நீட்டுங்கள், கயிற்றை எறியுங்கள். அம்புலன்ஸ் 1990.” இவ்வளவுதான். மண்டையோடு வேண்டுமென்றால் ஒரு மூலையில் இருக்கட்டும்.

தைப்பொங்கல் கழிந்து ஆறு தெளிந்ததும் நாங்கள் மறுபடி போவோம். மருமகன் விடுகிறானில்லை, அவனுக்கு அந்த எருமையின் முதுகில் ஏறி உட்கார வேண்டுமாம். அங்கிளின் இலக்கம் அண்ணாவின் போனில் ‘கல் அங்கிள்’ என்று இருக்கிறது. உங்கள் பலகை மாறும்வரைக்கும், மட்டக்குளியில் வானை எடுக்க முன்னம் அவருக்குத்தான் அழைப்போம், முதுகு காய்ந்திருக்கிறதா என்று கேட்க. போன மாதம் எடுத்தபோது அவருடைய மகள்தான் பேசினாள். அப்பாவுக்குச் சுகமில்லை, இரண்டு கிழமையாக ஆற்றங்கரைக்குப் போகவில்லை என்றாள்.

இப்படிக்கு,
மட்டக்குளியிலிருந்து ஒரு மாமி