செயலாளரின் ஆண்டறிக்கை 2025: பூடில் உயரம் அளந்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, பேராக்கின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்திருக்கும் நாய் வளர்ப்போர் சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தின் குறிப்பு சற்றுமுன் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார், கணக்காய்வாளர் கையெழுத்தும் ஆகிவிட்டது. செயலவைக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. தீபாவளி மாதத்தில் மட்டும் கோரம் சேரவில்லை. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

உரிமம், தடுப்பூசி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகராண்மைக் கழக உரிமத்தைப் புதுப்பிக்காதவர்கள் இந்த மாதத்துக்குள் புதுப்பித்துவிடுங்கள். தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் எத்தனை நாய் வைக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். 2015இல் கெடா, பெர்லிஸ், பினாங்கிலும் 2017இலிருந்து சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. எனவே ரேபிஸ் ஊசியைப் பேராக்கில் இருப்பவர்களுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றாக நினைப்பது சரியல்ல. செம்பனைத் தோட்டத்துக்குள் நடக்கக் கூட்டிப்போகிறவர்கள் வீடு திரும்பியதும் காது மடல், விரலிடுக்கு இரண்டையும் உண்ணிக்காகப் பாருங்கள். பூடிலின் முடிக்குள் உண்ணி ஒளிந்தால் ஒரு வாரம் வரை கண்ணுக்கே படாது.

இனி இந்த ஆண்டை முழுதாக விழுங்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் மானேஜர் பங்களாவில்தான் சாதி நாய் இருக்கும், அதுவும் பெரும்பாலும் அல்சேஷன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து நாய்க்கு இனமும் கிடையாது, பெயர்கூடப் பல வேளை கிடையாது. லயத்தைவிட்டுத் தாமானுக்கு வந்தபின் கதை மாறியது. மூன்று பக்கமும் சுவர், பக்கத்து வீட்டோடு ஒட்டிய முற்றம், வேலைக்குப் போகும் பிள்ளைகள். முடி அதிகம் கொட்டாத, குட்டியான, சொன்னால் கேட்கும் நாய் வேண்டும் என்றார்கள், பூடில் வந்தது. இன்று நம் உறுப்பினர்களிடம் இருக்கும் நாய்களில் பெரும்பகுதி பூடில்தான். போட்டிக்குப் போகும் ஆசையும் அதோடு வந்தது. ஆசை வந்தால் சண்டையும் வர வேண்டுமே, வந்தது.

நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள். ஓர் உறுப்பினர் தன் பூடிலைக் காட்சிப் போட்டிக்கு டாய் பிரிவில், அதாவது மிகச் சிறிய அளவுப் பிரிவில், பதியப்போவதாகப் போட்டார். "அது டாய் இல்லை, மினியேச்சர்" என்று இன்னொருவர் எழுதினார். அதற்குமேல் ஆளுக்கொரு எண்: பத்து அங்குலம், பதினோரு அங்குலம், இருபத்தெட்டு சென்டிமீட்டர், இரண்டரைக் கிலோ. நள்ளிரவு தாண்டியும் ஓயவில்லை. தலைவர் குழுவைப் பூட்டிய பிறகுதான் எல்லாரும் தூங்கினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், எண் சொன்னவர்களில் கிலோ சொன்னவரைத் தவிர மற்ற யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு நாட்டு விதியைச் சொன்னார்கள். நாய் இனங்களுக்கு விதி வகுக்கும் அமெரிக்கக் கென்னல் கிளப்பில் தோள் உயரம் 10 அங்குலம் வரை டாய், அதற்கு மேல் 15 அங்குலம் வரை மினியேச்சர், அதையும் தாண்டினால் ஸ்டாண்டர்ட். பிரிட்டனில் 28 சென்டிமீட்டருக்குக் கீழ், அதாவது 11 அங்குலத்துக்குக் கீழ், டாய். அங்கிருந்து 38 வரை மினியேச்சர், அதற்கு மேல் ஸ்டாண்டர்ட். இரண்டு நாட்டிலும் மூன்றே அளவுகள். ஆனால் மலேசியக் கென்னல் சங்கம் நடத்தும் நாய்க் காட்சிகள் எஃப்.சி.ஐ. என்ற உலகக் கென்னல் கூட்டமைப்பின் விதிப்படி நடக்கின்றன. பூடிலுக்கான எஃப்.சி.ஐ. தரநிர்ணயத்தின் எண் 172. அதற்குத் தாய்நாடு பிரான்ஸ். அங்கே அளவுகள் நான்கு. 24இலிருந்து 28 சென்டிமீட்டர் வரை டாய். 28க்கு மேல் 35 வரை மினியேச்சர். 35க்கு மேல் 45 வரை மீடியம். 45க்கு மேல் 60 வரை ஸ்டாண்டர்ட். டாய்க்கு 25 சென்டிமீட்டர்தான் விரும்பத்தக்க உயரம் என்று விதியே சொல்கிறது. சலுகை இரண்டே இடத்தில்: டாயின் கீழ் வரம்பில் ஒரு சென்டிமீட்டர் குறையலாம், ஸ்டாண்டர்டின் மேல் வரம்பில் இரண்டு சென்டிமீட்டர் கூடலாம். 23க்குக் கீழே போனாலும் 62க்கு மேலே போனாலும் தகுதி நீக்கம். நடுவில் இருக்கும் 28, 35, 45 ஆகிய கோடுகளில் தாட்சண்யம் கிடையாது.

மீடியம் என்ற அளவை நம்மில் பலர் இப்போதுதான் கேள்விப்பட்டார்கள். வெளிநாட்டிலிருந்து நாய் இறக்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சான்றிதழில் மினியேச்சர் என்று வந்த 37 சென்டிமீட்டர் நாய் இங்கே மீடியம். அதே அமெரிக்கச் சான்றிதழில் மினியேச்சர் என்று வந்த 27 சென்டிமீட்டர் நாய் இங்கே டாய். ஒரே பெயர் போட்டு வந்த இரண்டு நாய் இங்கே இரண்டு வெவ்வேறு பிரிவில் நிற்கும். காட்சியில் இனங்களைச் சேர்த்து வைக்கும் குழுவும் வேறுபடும். அமெரிக்காவில் டாய்க்கு மட்டும் டாய் குழு, மற்ற இரண்டுக்கும் நான்-ஸ்போர்ட்டிங் குழு. எஃப்.சி.ஐ.யில் நான்கும் ஒன்பதாம் குழுவிலேயே இருக்கின்றன.

சண்டையை முடிக்க ஓர் அளவு நாள் வைத்தோம். பாலாய் ராயா எனும் பொது மண்டபத்துக்கு நாய்களைக் கொண்டுபோவது முறையல்ல என்று அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வாங்கி, பழைய பால் கொட்டகையில் நடத்தினோம். கித்தாப் (ரப்பர்) பால் எடை போட்ட அந்தச் சிமெண்டுத் தரை நல்ல கெட்டித் தரை, கூரையும் உண்டு. தோட்டத்துத் தொழிற்சாலையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் அளவுகோல் செய்து கொடுத்தார். மெராந்திப் பலகை அடி, நிமிர்ந்த சட்டம், அதில் ஒட்டிய எஃகு ஸ்கேல், மேலும் கீழும் வழுக்கி இறங்கும் குறுக்குக் கை. குறுக்குக் கை ஆடாமல் இருக்கத் திருகு ஒன்றும் வைத்திருந்தார். கடையில் வாங்கினால்கூட இவ்வளவு நேர்த்தி இருக்காது.

சர்ச்சைக்குரிய நாய்தான் முதலில் ஏறியது. ஒரு பக்கம் பார்த்து நின்றபோது 28ஐத் தாண்டியது. திருப்பி நிறுத்தினால் தாண்டவில்லை. மறுபடி கூட்டம் இரண்டு கட்சி ஆகப் பார்த்தது. தச்சர் ஐயா ஒன்றும் பேசாமல் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. பால் கொட்டகைத் தரை சரிவாகத்தான் போட்டிருப்பார்கள், கழுவிய தண்ணீர் கால்வாய்க்கு ஓட வேண்டுமே! பிளைவுட் பலகை ஒன்றைக் கொண்டுவந்து, அடியில் ஆப்பு சொருகி, குமிழி நடுவுக்கு வந்த பிறகுதான் மறுபடி நாயை ஏற்றினார்கள்.

"கடைக்காரன் டாய்னுதான்ணே வித்தான். பேப்பர்லயும் அப்படித்தான் போட்டிருக்கு" என்றார் அந்த உறுப்பினர்.

"பேப்பரையா அளக்கப்போறோம்? நாயைப் புடிம்மா" என்றார் ஐயா.

அளக்கும் முறையை வராதவர்களுக்காகச் சொல்கிறேன். நாய் நான்கு காலும் நேராக ஊன்றி, தலையை இயல்பாக வைத்து நிற்க வேண்டும். தாடையை ஒரு கை லேசாகத் தாங்கலாம், தூக்கக் கூடாது. கழுத்து முதுகோடு சேரும் இடத்தில் முடியை விலக்கி விரலால் தடவினால் தோள் எலும்புகளின் முனை தட்டுப்படும். அந்த உச்சியில் குறுக்குக் கை முடியை அமுக்கி உட்கார வேண்டும். காட்சிக்குத் தயாரான பூடிலின் தோளில் முடி பந்துபோல் நிற்கும். அதன் மேல் அளந்தால் வருவது முடி திருத்தும் குரூமர் வைத்த உயரம். பயந்த நாய் பதுங்கும், உயரம் குறைந்து காட்டும். நாயின் மூச்சு அடங்கும்வரை காத்திருந்து, இறக்கி ஏற்றி மூன்று தடவை அளந்து, மூன்றும் ஒத்தால் மட்டுமே எழுதினோம். அமெரிக்காவில் வளைவுபோல இருக்கும் கம்பியை வரம்பு உயரத்துக்கு வைத்து நாயின் தோள் மேல் நிறுத்துவார்கள். கம்பியின் இரு காலும் தரையைத் தொட்டால் நாய் வரம்புக்குள், தொங்கினால் வெளியே. எண்ணைப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை, வாக்குவாதத்துக்கும் இடமில்லை.

அந்த நாய் 28க்கு மேல் அரைச் சென்டிமீட்டர். மினியேச்சர். முகம் வாடிப்போன அந்த உறுப்பினரிடம் நான் சொன்னதையே இங்கும் பதிவு செய்கிறேன். மினியேச்சர் பிரிவு தாழ்ந்த பிரிவு அல்ல. 2024இல் நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் காட்சியில் எல்லா இனங்களையும் வென்ற சேஜ் ஒரு மினியேச்சர் பூடில். 2020இல் அதே பட்டத்தை வென்ற சிபா ஒரு ஸ்டாண்டர்ட். அரைச் சென்டிமீட்டரை மறைத்து டாய் வரிசையில் நின்றால் பக்கத்து நாய்களுக்கு நடுவே அது பனைமரமாகத் தெரியும். மினியேச்சர் வரிசையில் நின்றால் அதன் தலை, கழுத்து, நடை மூன்றும் பேசும். பின்னர் கோலாலம்பூர்க் காட்சிக்கு அவர் மினியேச்சராகவே பதிந்தார். பரிசு வரவில்லை. நாயின் நடையை நடுவர் பாராட்டியதாகச் சொன்னார்.

அளவு நாளில் வேறு பல நாய்களுக்கும் பெயர் மாறியது. ஸ்டாண்டர்ட் என்று நினைத்து வளர்த்த ஒரு நாய், வளர்ச்சி முடிந்த வயதில், மீடியமாக நின்றுவிட்டது. இரண்டு நிற நாய் ஒன்றும் வந்திருந்தது. பார்க்க அழகான நாய்தான், ஆனால் பூடிலுக்கு ஒரே நிறம் வேண்டும் என்பது விதி. உயரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது காட்சி ரிங்கில் ஏற முடியாது. குட்டிகளின் உயரத்தைப் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். சிறிய பூடில்கள் ஏறக்குறைய ஒரு வயதுக்குள் உயரத்தை எட்டிவிடும். ஸ்டாண்டர்ட் ஒன்றரை, இரண்டு வயது வரை இழுக்கும்.

கிலோ சொன்னவருக்கு ஒரு வார்த்தை. எஃப்.சி.ஐ. பூடில் விதியில் எடைக்கு எண்ணே இல்லை, உயரம் மட்டும்தான். கிலோ கணக்கு விற்பவர்களின் கணக்கு. "டீகப்" என்பதும் அவர்கள் வைத்த பெயர்தான். எந்தப் பெரிய கென்னல் அமைப்பிலும் அப்படியொரு பிரிவு கிடையாது. டாய் என்பது சுருங்கிய மினியேச்சராக, அதே விகிதத்தில் இருக்க வேண்டும், குள்ளத்தன்மையின் அறிகுறி எதுவும் கூடாது என்கிறது விதி. மிகச் சிறியதாக வேண்டும் என்று வளர்ப்பவர்களின் குட்டிகளுக்கு மண்டை ஓடு மூடாமல் இருப்பதும், ஒரு வேளைத் தீனி தவறினால் இரத்தச் சர்க்கரை இறங்கி மயங்குவதும், முழங்கால் சில்லு விலகுவதும் மிருக மருத்துவர்களுக்குப் பழகிய கதை. வளராமல் இருக்கட்டும் என்று குட்டிக்குத் தீனியைக் குறைக்கும் பழக்கம் நம் வட்டாரத்திலும் இருப்பதாகக் காதில் விழுகிறது. அப்படிச் செய்பவர் யாராக இருந்தாலும் அவருடைய உறுப்பியத்தைச் செயலவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது என் கருத்து. செயலவையில் இதற்கு இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. இங்கே பேசலாம்.

பொதுக்கூட்டத்தின் முன் மூன்று தீர்மானங்கள் வைக்கிறேன். அளவுகோலையும் பிளைவுட் பலகையையும் ரசமட்டத்தையும் சங்கச் சொத்தாகப் பதிய வேண்டும், தச்சர் ஐயாவுக்கு மரச் செலவைத் திருப்பித் தர வேண்டும் (அவர் வேண்டாம் என்கிறார், அதை யாரும் கேட்க வேண்டாம்). உறுப்பினர்களின் நாய் ஒவ்வொன்றின் உயரத்தையும் ஆறு மாதம், ஒரு வயது, ஒன்றரை வயதில் அளந்து ஒரே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். சங்கத்தின் வழியாகக் காட்சிக்குப் பதிபவர்கள் அந்தப் பதிவேட்டில் உள்ள உயரத்தைச் சென்டிமீட்டரிலேயே குறிப்பிட வேண்டும், அங்குலம் ஏற்கப்படாது.

1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி இந்தக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் பதிவிலாகாவுக்கு ஆண்டுக் கணக்கு போக வேண்டும். எனவே புதிய செயலவையினர் தங்கள் அடையாள அட்டை விவரங்களை இன்றே என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். சென்ற முறை இதற்காக வீடு வீடாக அலைந்த அனுபவம் போதும்.

அளவுகோல் தற்சமயம் என் வீட்டில் இருக்கிறது. வேண்டியவர்கள் புலனத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம். பலகை, ரசமட்டம் இரண்டையும் சேர்த்தே எடுத்துப்போங்கள். வாசல் தரையில் வைத்து அளந்து எண்ணை மட்டும் அனுப்பினால் பதிவேட்டில் ஏற்ற மாட்டேன்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்