அடுத்த ஸ்டேஷன் எதுவென்று சொன்னவர்களுக்கு

மும்பை தாராவியில் எங்கள் சந்துக்காரர்களுக்கும், சயானிலிருந்து காட்கோபர் வரை லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பாவில் கூட வந்த பெண்களுக்கும் ஆச்சியின் வணக்கம்.

என் பேரன் இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டான். மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடும்; பகலெல்லாம் அவனும் நானும்தான். உங்களிடம் நேரில் நன்றி சொல்ல வந்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் பால்வாடி டீச்சர். இரண்டரை வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட மாட்டான். "ஆம்பளப் பிள்ள, மெதுவாத்தான் பேசும்" என்று ஊரிலிருந்து போனில் சொன்னார்கள். நானும் நம்பினேன். நீங்கள்தான், "மொதல்ல காது டெஸ்ட் பண்ணுங்க ஆச்சி, அப்புறம் குழந்தை வளர்ச்சி டாக்டர்கிட்டக் காட்டுங்க, தள்ளிப் போடாதீங்க" என்றீர்கள். காது நன்றாகவே கேட்டது. ஆட்டிசம் என்று தெரிந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு விசேஷ வீட்டில், "தாய் வேலைக்குப் போனா பிள்ள இப்படித்தான்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். என் மகள் அன்றிரவு சாப்பிடவில்லை. டாக்டரம்மா, வெளியே அத்தனை கூட்டம் காத்திருக்க, நீங்கள் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, இது மூளை வளரும் விதத்தில் பிறப்பிலேயே உள்ள வேறுபாடு, வளர்ப்பால் வருவதே இல்லை என்று பொறுமையாகச் சொன்னீர்கள். வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என் மகள்.

தெரபிக்கு வாரம் இருமுறை காட்கோபர். நடுவில் குர்லா, வித்யாவிஹார். "அம்மா" என்று சொல்லும் முன்பே அவன் ரயில் அறிவிப்பைப் பிடித்துக்கொண்டான். "புடீல் ஸ்டேஷன் குர்லா. அக்லா ஸ்டேஷன் குர்லா. நெக்ஸ்ட் ஸ்டேஷன் குர்லா." மராத்தி, இந்தி, இங்கிலீஷ் மூன்றும் அதே ஏற்ற இறக்கத்தோடு. நாள் முழுக்க இதையே சொல்கிறானே என்று நான் அதட்டப் போனேன். ஸ்பீச் தெரபி பொண்ணு தடுத்துவிட்டாள். "இதுக்கு எக்கோலேலியான்னு பேரு ஆச்சி. கேட்டதைத் திருப்பிச் சொல்றதும் பேச்சுதான். அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சா அவனுக்கு நிம்மதி. நீங்களும் இதே மாதிரி சொல்லிப் பாருங்க."

ரயில் பெட்டியில் கதவுக்கு மேலே ஸ்டேஷன் வரிசை ஒட்டியிருக்குமே, அதே மாதிரி ஓர் அட்டை செய்து கொடுத்தாள். பல் துலக்குவது, குளியல், இட்லி, செருப்பு, ரயில் என்று வரிசையாகப் படங்கள். ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தை அவனே பிய்த்து டப்பாவில் போடுவான். "நெக்ஸ்ட் ஸ்டேஷன் குளியல்" என்று சொன்ன முதல் நாளே எழுந்து வந்துவிட்டான். அதுவரை தினமும் அரைமணி நேரம் போராடியிருக்கிறேன், தாயி. உனக்கு எப்படி நன்றி சொல்வேன்?

சலூன்கார தம்பியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். கத்தரிச் சத்தமும் கழுத்தில் விழும் முடியும் அவனுக்கு ஆகாது. வேறு ஒரு கடையில் இரண்டு பேர் பிடித்து அமுக்கி வெட்டியதில், சலூன் கண்ணாடியைப் பார்த்தாலே அலறுவான். தம்பி, நீங்கள் கூட்டமில்லாத மதியம் மூணு மணிக்கு வரச் சொன்னீர்கள். முதல் நாள் நாற்காலியில் சும்மா சுற்றிவிட்டு அனுப்பினீர்கள். அடுத்த வாரம், மெஷினை ஆஃப் செய்து அவன் கையில் கொடுத்துவிட்டு உங்கள் மீசையை நீங்களே கத்தரித்துக் காட்டினீர்கள். மூன்றாம் முறை, "நெக்ஸ்ட் ஸ்டேஷன் இடது காது" என்று அறிவித்து, நாலு வெட்டு வெட்டி நிறுத்திவிட்டீர்கள். ஒரு பக்கம் மட்டும் முடி குறைந்த தலையோடு ஒரு வாரம் இருந்தான். வலது காது ஸ்டேஷன் எட்டு நாள் கழித்து வந்தது. நான் நீட்டிய காசில் ஒரு நாள் காசைத்தான் எடுத்துக்கொண்டீர்கள்.

பக்கத்து வீட்டு மராத்திக்கார மாவ்ஷி (சித்தி) குக்கரை அடுப்பில் ஏற்றியதும், "விசில் வரப்போகுது பாளா (குழந்தை)" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் குரல் கொடுப்பார். கணபதி ஊர்வலப் பிள்ளைகள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று முதல் நாளே சொல்லிப் போனார்கள், எங்கள் சந்து முனையில் டோல் மேளத்தை நிறுத்தினார்கள். ரயிலில் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்து, "ஏன் இப்படிப் பண்றான்" என்று ஒரு வார்த்தை கேட்காத பெண்கள் எத்தனையோ பேர். பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஒரு பள்ளிக்கூடம் அவனைச் சேர்க்க மறுத்தபோது, ரிட்டயர்டு வாத்தியார் அண்ணாச்சி என்னோடு அலைந்தார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று இருந்தால் 6 வயதிலிருந்து 18 வரை இலவசமாகப் படிக்க உரிமை உண்டு என்று அவர் சொல்லித்தான் தெரியும். யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும், வருஷம் 1 லட்ச ரூபாய் வரை தரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் மனு எழுதியவரும் அவரே. என்னைப் போல இருப்பவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். தெரபி செலவுக்கும் நிராமயாவில் கேட்கலாம்.

வரும் ஞாயிறு மாலை நாலு மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு வாருங்கள், அதிரசம் சுடுகிறேன். அவனுடைய அட்டையில் உங்களுக்கும் ஒரு படம் ஒட்டியாயிற்று. காலிங் பெல்லை மட்டும் அடிக்க வேண்டாம். கதவை மெதுவாக இரண்டு தட்டுத் தட்டுங்கள். அவனே வந்து திறப்பான்.