ஏற்காடு வட்டச் சமரச வழக்குகளில் பேச்சுக்கு முன்பே நிலத்தை அளந்து தரக் கோரும் மனு

அனுப்புநர்: சமரசப் பணியில் உள்ள வழக்கறிஞர்கள், சேலம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், சேலம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உரிமையியல் நடைமுறைச் சட்டம் 89-ஆம் பிரிவின்படி சமரசத்துக்கு, அதாவது பேசித் தீர்த்துக்கொள்ள, வரும் சேர்வராயன் மலை வழக்குகளில் வழித்தடம், எல்லைத் தகராறுகள் பற்றிய சமரசம் முறிவது பேச்சினால் அல்ல. நிலத்தின் அளவு தெரியாததால்தான் முறிகிறது.

காப்பித் தோட்டத்துக்குப் போகும் தடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 12 அடி அகலம் கேட்கிறார். மற்றவர் 4 அடி நடைபாதைதான் என்கிறார். இருவரையும் சேர்த்து உட்காரவைத்தால் அந்த எண்கள் அசையாது. தனித்தனியாகக் கேட்டால்தான் உள்ளது வெளிவரும். ஒருவருக்கு வேண்டியது, பழம் பறிக்கும் காலத்தில் மூட்டை ஏற்ற ஒரு வேன் வந்துபோவது. மற்றவருக்குப் பயம், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்கள் வெட்டுப்படுமே என்பது. பிறகு 8 அடி, வளைவில் மட்டும் 12 அடி, கேட்டுக்கு இரண்டு சாவி என்று பேச வழி பிறக்கிறது.

ஆனால் 8 அடி எந்தக் கல்லிலிருந்து? அத்துக்கல் (எல்லைக் கல்) மண்ணில் புதைந்தோ பிடுங்கப்பட்டோ கிடக்கிறது. அங்கேயே பேச்சு நின்றுவிடுகிறது. அளவு கையில் இருந்தால் 100 அடி நீளத்துக்கு 12 அடி என்பது 1,200 சதுர அடி, அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் சென்ட் என்று சொல்லிவிடலாம். அப்போது கோபம் தணிந்து, மாற்று நிலமா பணமா என்ற பேச்சு வரும்.

ஒப்பந்தம் எழுதும்போதும் இதே குறைதான். ‘இரு தரப்பும் சுமுகமாகப் பயன்படுத்திக்கொள்வது’ என்று எழுதினால், நிலம் கைமாறியதும் மறுபடி வழக்கு. எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை, எத்தனை மீட்டர் அகலம், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும், சரிந்தால் மண் அள்ளுவது யார் என்று வரைபடத்தோடு எழுதிக் கையெழுத்திட்டால்தான் அதே சட்டத்தின் ஆணை 23 விதி 3-இன்படி, ஒப்பந்தத்தை ஏற்று நீதிமன்றம் பதிவுசெய்யும் தீர்ப்பாணை நிலைக்கும். கூட்டுப்பட்டாவில் உள்ள சகோதரி ஒருவர் கையெழுத்திடாவிட்டால் அவர் பங்கை அது கட்டுப்படுத்தாது. மைனர் பங்குக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும்.

ஆகவே, முதல் அமர்வுக்கு முன்பே புலப்பட (நில அளவை வரைபட) நகல், அ-பதிவேடு (சர்வே எண்வாரியான நில விவரப் பதிவேடு), கூட்டுப்பட்டா விவரம் தர வட்டாட்சியருக்கு உத்தரவிட வேண்டுகிறோம். மாதம் இரண்டு நாள் சமரச வழக்குகளுக்கென்றே நில அளவர் ஒருவரை ஒதுக்கித் தர வேண்டும். அவர் அளந்து, கல் நட்டு, வரைபடம் தந்துவிட்டுப் போகட்டும். பேச்சில் அவர் உட்காரவேண்டாம், ஏனெனில் அங்கே சொல்லப்படுவது வெளியே போகக்கூடாது. தீர்ப்பாணை வந்தபின் உட்பிரிவுப் பட்டா (பிரித்த பகுதிக்குத் தனிப் பட்டா) 30 நாளில் கிடைக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

சமரசமானால் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 69-ஏ பிரிவின்படி கட்டிய கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். இது பலருக்குத் தெரியாது. வட்டாட்சியர் அலுவலகப் பலகையில் எழுதிவைக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
மனுதாரர்கள்
இடம்: சேலம்