ரிப்போர்ட் நார்மல், அப்புறம் எதற்கு ஊசி?

அன்புள்ள குமார்,

அண்ணனின் இரைப்பைக் கட்டி விஷயமாக நீ எழுதியதைப் படித்தேன். பயாப்ஸியில் (சதையைக் கிள்ளி எடுத்துச் செய்த சோதனையில்) ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் மறுபடி எண்டோஸ்கோபி, அதில் ஊசியால் குத்திச் சதை எடுப்பது வேறு என்கிறார்களே, காசு பிடுங்கவா என்று கேட்கிறாய். கோபம் புரிகிறது, ஆனால் இந்தத் தடவை நான் டாக்டர் கட்சி.

முதல் முறை இடுக்கியால் கிள்ளியது இரைப்பையின் உள்சவ்வை மட்டும்தான். நீ சொல்வதைப் பார்த்தால் மேலே வழவழவென்று இருந்து அடியிலிருந்து பிதுங்கும் கட்டி, அதாவது அநேகமாகத் தசை அடுக்கில் முளைத்தது. போர்வையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுத்திருப்பவருக்குக் காய்ச்சல் இல்லை என்று சொன்னால் எப்படி? அந்த நார்மல் அவ்வளவுதான்.

இப்போது விடப்போகும் குழாயின் நுனியில் குட்டி அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கும். வயிற்றுக்குள்ளிருந்தே பார்ப்பதால் இரைப்பைச் சுவர் ஐந்து அடுக்காகப் பிரிந்து தெரியும், கட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். வழியில் ரத்தக்குழாய் இருக்கிறதா என்று, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் பார்த்துவிட்டுத்தான் குத்துவார்கள். ஊசி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது, திரையில் வெள்ளைக் கோடாக இறங்கும். புது வித்தையும் இல்லை. கணையத்தில் இப்படி எடுத்ததை டென்மார்க்கில் 1992லேயே எழுதிவிட்டார்கள்.

ஊசிக்குள் வந்ததை வெளியே தள்ளும்போது ரத்தத்தோடு புழு மாதிரி வரும். அதற்குள் வெள்ளை வெள்ளையாகத் துணுக்கு தெரிந்தால்தான் லேபில் உட்கார்ந்திருக்கும் என் போன்றவர்களுக்கு உயிர் வரும், வெறும் ரத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இந்த இடத்தில் வரும் கட்டிகளில் ஜிஸ்ட் (புற்றாக மாறக்கூடியது), லியோமயோமா (சாதாரணத் தசைக்கட்டி), ஷ்வானோமா (நரம்பு உறையில் வருவது) மூன்றுமே ஸ்கேனில் கறுப்பாகத்தான் தெரியும், கண்ணால் பிரிப்பது கஷ்டம். துணுக்கு கிடைத்தால் சிடி117, டாக்1 என்ற புரதங்களைக் காட்டும் சாயம் போட்டுப் பார்க்கலாம், சாயம் பிடித்தால் பெரும்பாலும் ஜிஸ்ட். லியோமயோமா என்றால் தொந்தரவு இல்லாதவரை அப்படியே விட்டுவிடலாம். ஜிஸ்ட் என்றால் அளவைப் பொறுத்து ஆபரேஷன், சிலருக்கு அதற்கு முன்பே கட்டியைச் சுருக்க இமாட்டினிப் மாத்திரை. இதற்காகத்தான் இந்த ஊசி. ஆனால் ஜிஸ்ட் எவ்வளவு பொல்லாதது என்பதை இத்தனூண்டு துணுக்கை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, அதையும் எதிர்பார்க்காதே.

அண்ணன் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடு, நீங்களாக நிறுத்த வேண்டாம். ரத்தக்கசிவு, தொற்று எல்லாம் அபூர்வம், இருந்தாலும் அன்றைக்கோ அடுத்த சில நாட்களிலோ வயிற்றுவலி, காய்ச்சல், கறுப்பாக மலம் என்று ஏதாவது வந்தால் காத்திருக்காமல் கூட்டிப் போ.

இன்னொன்று, ரிப்போர்ட்டில் 'மாதிரி போதவில்லை' என்று இருந்தால் அதைப் புற்று இல்லை என்று படித்துக்கொள்ளாதே. மறுபடி குத்த வேண்டியிருக்கும், அவ்வளவே.

சரி, உன் மகளுக்குக் கல்லூரி கிடைத்ததா, அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, கடைசி வரியை மட்டும் இல்லை, எல்லாப் பக்கமும்.

அன்புடன்,
செல்வம்