ஜெயிச்சவனுக்கு லீவு எழுதித் தர ஆளில்லை

கண்ணு,

நைனா எழுதறது. இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி வழக்கம்போல. நூல் விலை ஏறிடுச்சுன்னு மாமா நாலு தறியில ரெண்டை நிறுத்திட்டார். அண்ணன் வந்தாத்தான் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில காவடின்னு உன் தம்பி அடம் பிடிக்கறான், அதை நீயே அவன்கிட்ட பேசித் தீர்த்துக்கோ. நீ இப்பல்லாம் ரெண்டு வரி மெசேஜோட முடிச்சுக்கறே. நான் சொல்ல வேண்டியது ரெண்டு வரியில அடங்காது, அதான் உக்காந்து எழுதறேன்.

துபாய்ல 8 ரவுண்டு குத்துச்சண்டைக்கு உன்னைக் கேட்டிருக்காங்கன்னு தம்பி சொன்னான். என்கிட்ட நீ சொல்லலை. பரவாயில்லை. 4, 6, இப்ப 8. சண்டை நடத்தற ப்ரொமோட்டர் ஒருத்தன் 8 ரவுண்டு தர்றான்னா இவனை வெச்சு டிக்கெட் விக்கலாம்னு கணக்குப் போட்டுட்டான்னு அர்த்தம். பஸ் ஸ்டாண்டுல உனக்கு வெச்ச பேனரை நகரியில யாரும் இன்னும் கழட்டலை. அந்தப் பக்கம் போறப்பல்லாம் உங்கம்மா நின்னு பாத்துட்டுத்தான் வர்றா. ஆனா 7க்கு 7ங்கற ரெக்கார்டை நீயே முழுசா நம்பிடாதே. முதல் 3 பேர் தோக்கறதுக்குன்னே கூட்டிட்டு வந்தவங்க. எல்லாப் புது ஆளுக்கும் அப்படித்தான் கட்டுவாங்க, அதுல தப்பில்லை. கடைசி 2 பேர்தான் சண்டைக்காரங்க. அந்த ரெண்டுலயும் முன்கையால நேரா குத்தற ஜாபை வெச்சே நீ ஜெயிச்சே. அது எனக்கு நிம்மதியைக் கொடுத்திருக்கணும்.

ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, உன் மேனேஜரும் ப்ரொமோட்டரும் ஒரே ஆளான்னு பாரு. சண்டை நடத்தறவனுக்குச் செலவு குறையணும், உனக்காகப் பேசறவனுக்கு உன் பணம் ஏறணும். ரெண்டு நாற்காலியிலயும் ஒருத்தனே உக்காந்தா நஷ்டம் உனக்குத்தான். அமெரிக்காவுல 2000த்துல முகமது அலி பேர்லயே சட்டம் போட்டு இதைத் தடுத்தாங்க, துபாய்க்கு அந்தச் சட்டம் வராது. மேனேஜருக்கு மூணுல ஒரு பங்கு வரைக்கும், ட்ரெய்னருக்கு 10 சதவீதம்ங்கறது பழக்கம். அதுக்கு மேல ஜிம், சாப்பாடு, ஸ்பாரிங்ங்கற பயிற்சிச் சண்டைக்கு வர்ற ஆளுக்குக் கூலின்னு கழிச்சா உன் கையில எவ்வளவு நிக்கும்னு முன்னாடியே எழுதி வாங்கு. பட்டம் ஜெயிச்சா ஒப்பந்தம் தானா நீளும்னு ஒரு வரி நடுவுல ஒளிஞ்சிருக்கும், அது எத்தனை வருஷம்னு பாரு.

அதோட ரிங் பக்கத்துல மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, ஆம்புலன்ஸ் வாசல்லயே நிக்குமா, மூளை ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரிக்கு முன்னாடியே சொல்லி வெச்சிருப்பாங்களான்னும் கேளு. கேட்டா கேலி பண்ணுவாங்க, பண்ணட்டும். 1991ல லண்டன்ல யூபேங்க்கோட சண்டையில மைக்கேல் வாட்சன் விழுந்தப்ப, அந்த இடத்துலயே மூச்சுக் கொடுத்துப் பாக்கத் தெரிஞ்ச ஆளும் கருவியும் இல்லாம நேரம் போச்சு. 40 நாள் கோமாவுல கிடந்தார். 11ஆவது ரவுண்டுல எதிராளியைக் கீழ தள்ளி, ஜெயிக்கப் போறோம்னு நிமிர்ந்தவர் அவர்.

ஸ்பாரிங் நிறுத்தி இருக்கியா? இல்லேன்னா இதைப் படிச்ச உடனே நிறுத்து. ஏன்னு வர்றேன்.

முதல்ல வெயிட். 66 கிலோவுல திரியற உடம்பை உன் எடைப் பிரிவுக்காக 58.97க்கு இறக்கறே. 7 கிலோ, உடம்புல பத்துல ஒரு பங்குக்கு மேல. ஆறு ரவுண்டுங்கறது 18 நிமிஷம், அதுல சமாளிச்சே. எட்டுங்கறது 24 நிமிஷம். கடைசி ஆறு நிமிஷத்துல கால் நிக்காது, கால் நிக்கலேன்னா தலை நகராது. அடுத்த பிரிவு லைட்வெயிட்டுக்கு ஏறிடு, 61.23 கிலோ. எட்டு வாரம் வாரத்துக்கு அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவா சாப்பாட்டுலயே இறக்கினா 62.5க்கு வந்துடுவே. மிச்சத்துக்குக் கடைசி வாரம் உப்பையும் நார்ச்சத்தையும் குறைச்சாப் போதும். சூடான அறையில ப்ளாஸ்டிக் சட்டை போட்டு ஓடற வேலையே வேண்டாம். ஒண்ணுக்குப் போக ஃப்யூரோசமைட் மாத்திரை யாராவது நீட்டினா அந்த ஆளோட சகவாசமே வேண்டாம். அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியல்ல இருக்கு. வெயிட் பாத்ததும் ட்ரிப்ஸ் ஏத்திக்கறதும் அப்படித்தான், 12 மணி நேரத்துல 100 மில்லிக்கு மேல ஏத்தினாத் தடை. வாய்வழியாத்தான் குடிக்கணும். குறைஞ்ச ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர், ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், மடக்கு மடக்கா. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, வாழைப்பழம், அப்புறம்தான் சோறு. பிரியாணி மறுநாள் ராத்திரி, சண்டை முடிஞ்சு.

வெயிட்டைப் பத்தி இவ்வளவு சொல்றது காரணமாத்தான். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல சின்னச் சின்ன ரத்த நாளம் போகுது. அடி விழுந்து தலை வெடுக்குன்னு திரும்பும்போது மூளை ஒரு கணம் பின்தங்குது, அந்த நாளம் இழுபட்டு அறுந்து கசியுது. ரிங்குல செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க இப்படித்தான் செத்தாங்க. தண்ணி வத்தின உடம்போட ஏறினா இந்த ஆபத்து கூடும்னு டாக்டர்கள் எச்சரிக்கறாங்க. தராசு முள்ளு ஒரே நாள்ல மேல வந்துடும், உள்ள எல்லா இடத்துக்கும் தண்ணி திரும்பிடுச்சுன்னு அதை வெச்சுச் சொல்ல முடியாது. 1982 நவம்பர்ல லாஸ் வேகாஸ்ல மான்சினியோட மோதின கொரியாக்காரர் டுக் கூ கிம், லைட்வெயிட்டுக்கு இறங்கவே திண்டாடினவர். 14ஆவது ரவுண்டுல விழுந்தார், சில நாள்ல போயிட்டார். அதுக்கப்புறம்தான் பட்டச் சண்டை 15 ரவுண்டுலருந்து 12 ஆச்சு.

உன் கடைசிச் சண்டையோட வீடியோவைத் தம்பி டிவியில போட்டான். எல்லாரும் ஆறாவது ரவுண்டைப் பாத்துக் கை தட்டறாங்க. நான் அஞ்சாவதையே திருப்பித் திருப்பிப் போடச் சொன்னேன். 40 செகண்டு மிச்சம் இருக்கும்போது பக்கவாட்டுல வளைச்சுக் குத்தற அந்த இடது ஹூக் உன் காதுக்கு மேல விழுது. நீ விழலை, கையைக் கூட இறக்கலை. ஆனா மணி அடிச்சதும் ரெண்டு அடி எதிராளி மூலைக்குப் போயிட்டுத்தான் திரும்பினே. கமெண்ட்ரிக்காரன் அதைப் பாக்கலை, நடுவர் பாக்கலை. உன் மூலையில இருந்தவன் பாத்தானா இல்லையான்னு எனக்குத் தெரியணும். பாத்துட்டும் ஆறாவதுக்கு எழுப்பி விட்டிருந்தா அவனை மாத்து. அந்த ஒரு நிமிஷத்துல வீக்கத்துக்கு இரும்பு வைக்கறதும் வாஸ்லீன் தடவறதும் ரெண்டாவது. முதல்ல கண்ணைப் பாத்து எந்த ஊரு, எத்தனையாவது ரவுண்டுன்னு கேக்கணும்.

நீ நாக்-அவுட் ஆகியிருந்தா, 60 நாளோ 90 நாளோ ஸ்பாரிங் கூடக் கூடாதுன்னு டாக்டர் எழுதித் தந்திருப்பார், ஸ்கேன் எடுக்காம லைசென்ஸ் திரும்பி வராது. நீ ஜெயிச்சுட்டே. ஜெயிச்சவனுக்கு லீவு எழுதித் தர ஆளில்லை. அவன் கையைத் தூக்கிப் போட்டோ எடுத்துட்டு, அடுத்த வாரமே ஜிம்முக்கு அனுப்பிடறாங்க. இந்தத் தொழில்ல பெரிய ஓட்டையே இதுதான். டெய்லர்-சாவேஸ் சண்டையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1990, மார்ச். மூணு ஜட்ஜுல ரெண்டு பேர் சீட்டுல டெய்லர் முன்னால இருந்தார், ரெண்டே செகண்டு மிச்சம் இருக்கும்போது நிறுத்திச் சாவேஸ் ஜெயிச்சதா அறிவிச்சாங்க. சரியா தப்பான்னு நீயும் நானும் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கோம். பாயிண்ட்ல முன்னால இருந்த ஆள் வாங்கின அடியை எந்த ஜட்ஜும் எழுதலை. பின்னால டெய்லர் பேச்சு எப்படிக் குழறிப் போச்சுன்னும் உனக்குத் தெரியும்.

அதனால கேக்கறேன். காலையில எழுந்ததும் தலை கனமா இருக்கா? வெளிச்சம் கூசுதா? வீடியோ கால்ல லைட்டை அணைச்சுட்டுத்தான் பேசினே, கரண்டு மிச்சம் பண்றேன்னு சொன்னே. துபாய்ல நீ கரண்டு பில் கட்டறதில்லையே கண்ணு. மாமா தறியை நிறுத்திட்டாரான்னு ஒரே பேச்சுல அம்மாகிட்ட ரெண்டு தடவை கேட்டே. அவ ரெண்டு தடவையும் பதில் சொன்னா, என்கிட்ட ஒண்ணும் சொல்லலை. நானும் அவகிட்ட ஒண்ணும் சொல்லலை.

தலைவலி ஏறிக்கிட்டே போனாலோ, வாந்தி வந்தாலோ, ஒரு கண்ணுப் பாப்பா மட்டும் பெருசா தெரிஞ்சாலோ, ஒரு பக்கம் கை கால் சோர்ந்தாலோ, விடியட்டும்னு பாக்காதே. நேரா எமர்ஜென்சி, சி.டி. ஸ்கேன். அது ரத்தக்கசிவைக் காட்டும். ஆனா மூளை குலுங்கினதை அது காட்டாது, ஸ்கேன் சுத்தம்னு சொன்னா நீயும் சுத்தம்னு ஆகாது. ஆஸ்பிரின், இபுப்ரூஃபன் போடாதே, கசிவு இருந்தாக் கூட்டிடும். வேணும்னா பாராசிட்டமால், அதுவும் டாக்டரைக் கேட்டு. ஒரு தொந்தரவும் இல்லேன்னாலும் வரிசை மாறக் கூடாது. முதல்ல நடை, அப்புறம் மெதுவா ஓட்டமும் ஸ்கிப்பிங்கும், அப்புறம் எதிர்ல ஆளில்லாம நிழல் சண்டை, அப்புறம் குத்துப் பை. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு நாளாவது விடு, தலைவலி திரும்பினா ஒரு படி கீழ இறங்கு. டாக்டர் எழுதித் தந்தப்புறம்தான் ஸ்பாரிங்.

16 அவுன்ஸ் க்ளவுஸ் போட்டுத்தானே அடிக்கறாங்க, ஹெட்கார்டும் இருக்கேன்னு சொல்லுவே. பெரிய க்ளவுஸ் கையையும் தோலையும் காப்பாத்தும். ஹெட்கார்டு வெட்டுக்காயத்தைத் தடுக்கும். தலை வெடுக்குன்னு திரும்பறதை ரெண்டும் தடுக்காது. 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல ஆம்பளைங்க ஹெட்கார்டு இல்லாமத்தான் ஆடினாங்க. சண்டையில ஒரு ராத்திரி வாங்கறதை ஜிம்முல வாரத்துக்கு மூணு நாள் வாங்கறே. ஸ்பாரிங் ஆளு வாங்கற காசுக்கு விசுவாசமா அடிப்பான். நிறுத்து.

நம்ம நாட்டு பாக்ஸர் விஜேந்தர் சிங் 12க்கு 12 ஜெயிச்சுட்டு, 2019 நவம்பருக்கப்புறம் சும்மா இருந்து, 2021 மார்ச்சுல கோவாவுல தோத்தாரே, ஓய்வு எடுத்தாத் துரு ஏறும்னு சொல்லுவே. சரிதான். அது 16 மாசம். நான் கேக்கறது 3 மாசம். நீ இன்னும் 24 தாண்டலை, அவர் ப்ரொஃபஷனலா ஆனதே 2015ல, 29 வயசுல.

வலது கை சுண்டுவிரல் முட்டியைக் கவனி. புத்தூர்ல கட்டுப் போட்டு ஒட்டினதுதான், ஆனா அந்த எலும்பு அதே இடத்துல மறுபடி உடையும். கட்டறவன்கிட்ட மணிக்கட்டுல மூணு சுத்து முதல்ல வாங்கு, கட்டை விரலைச் சுத்தி வந்து, அப்புறம் முட்டிக்கு மடிச்ச காஸ் துணி. டேப் ஒட்டும்போது முஷ்டியை மூடி வெச்சுக்கோ, திறந்த கையில ஒட்டினா மூடும்போது ரத்தம் நிக்கும். விரல் நுனி வெளுத்தா அவிழ்த்துட்டு மறுபடி. முட்டி மேல டேப் வரலாமான்னு ரூல்ஸ் மீட்டிங்ல கேளு, ஊருக்கு ஊர் மாறும். எதிராளி கையைக் கட்டும்போது உன் ஆள் பக்கத்துல நிக்கணும். 2009ல மோஸ்லியோட மோதறதுக்கு முன்னாடி மார்கரிட்டோ கட்டுக்குள்ள கெட்டியான பட்டை இருந்ததை மோஸ்லியோட ட்ரெய்னர் நின்னு பாத்ததாலதான் கண்டுபிடிச்சார்.

தலைன்னு சொன்னா இந்தத் தொழில்ல பேரு கெட்டுடும், அடுத்த சண்டை வராதுன்னு பயப்படறே. எனக்குத் தெரியாதா. கைன்னு சொல்லு. பழைய முறிவு, புத்தூருக்குப் போகணும்னு சொல்லு. எல்லா ப்ரொமோட்டரும் கைவலிக்கு மூணு மாசம் தருவான். டாக்டர்கிட்ட மட்டும் ஒண்ணு விடாம நிஜத்தைச் சொல்லு, அஞ்சாவது ரவுண்டுல எந்தப் பக்கம் நடந்தேங்கறது உட்பட. வேலூர் சி.எம்.சி.யில நியூரோவுக்கு நாள் வாங்கி வெக்கறேன். பழைய ஸ்கேன் எல்லாத்தையும் எடுத்துட்டு வா. டிக்கெட் போட்டதும் நேரத்தைச் சொல்லு, மாமா காரை எடுத்துட்டு மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு வந்துடுவார்.

நைனா