கழிப்பறை வேண்டாம் என்ற மனுவைத் திரும்பப் பெறுங்கள்: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பூங்கா முனையில் வரவிருக்கும் பொதுக் கழிப்பறையைக் கைவிடச் சொல்லி நம் சங்கத்தின் பெயரில் ஒரு மனு சுற்றில் இருக்கிறது. விவரத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எழுதியவர்களே நீங்கள்தான். என் வேண்டுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறேன். தயவுசெய்து அந்த மனுவைத் திரும்பப் பெறுங்கள்.

மனுத்தாளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் நம் இரவு வாட்ச்மேன். அட்டையில் கிளிப் போட்டு, பேனாவையும் கையில் வைத்திருந்தார். "எல்லாரும் போட்டுட்டாங்க மேடம், நீங்கதான் பாக்கி" என்றார். தெருமுனையில் நாம் வைத்துக்கொடுத்த தகரக் கூண்டில் ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை இருப்பவர் அவர். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு சின்ன ஃபேன், வந்துபோகிறவர்கள் பெயர் எழுத ஒரு நோட்டு இருக்கின்றன. கழிப்பறை இல்லை. பன்னிரண்டு மணி நேரம் அவர் என்ன செய்கிறார், எங்கே போகிறார் என்று செயற்குழுவில் யாராவது கேட்டதுண்டா? அவருக்கும் பயன்படக்கூடிய ஒன்றைத் தடுப்பதற்கு அவரையே கையெழுத்து வாங்க அனுப்பியிருக்கிறோம். வேண்டுமென்று செய்திருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. யாருக்குமே அது தோன்றவில்லை என்பதுதான் மனதை அறுக்கிறது.

எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். இந்தத் தெருக்களில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். காலை ஏழு மணிக்கு முதல் வீடு. கடைசியாக எங்கள் வீட்டுக்கு வரும்போது பன்னிரண்டு ஆகிவிடும். எங்கள் வீட்டில் பாத்ரூமைத் தாராளமாக உபயோகிக்கலாம் என்று சொல்லியிருக்கிறோம், உபயோகிக்கிறார். மற்ற மூன்று வீடுகளிலும் அனுமதி இல்லை. ஒரு வீட்டில் நேராகவே சொல்லிவிட்டார்கள். இன்னொரு வீட்டில் சொல்லவில்லை, ஆனால் அவர் கேட்டபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அதற்குப் பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். மூன்றாவது வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் டிரைவர்களுக்கென்று ஒன்று இருக்கிறது. தாழ்ப்பாள் உடைந்து கிடப்பதால் பெண்கள் போக முடியாது.

அந்த மூன்று வீடுகளிலும் தினமும் கழிப்பறை கழுவுவது அவர்தான். ஆசிட் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, தரையைத் துடைத்துவிட்டு வெளியே வருகிறார். அதில் ஒன்றில்கூட அவர் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது.

அதனால் காலையில் அவர் தண்ணீர் குடிப்பதில்லை. ஏப்ரல், மே வெயிலிலும் இதே கதைதான். காபி கொடுத்தால் அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்வார். இந்தக் கோடையில் நீர்க்கடுப்பு வந்து, ஜுரத்தோடு மருத்துவமனைக்குப் போனார். மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கணும், அடக்கி வைக்கவே கூடாது என்று அனுப்பினார்கள். அந்தச் சீட்டை என்னிடம் காட்டி அவர் கேட்டார்: "குடிச்சா எங்கம்மா போறது?" மாதவிலக்கு நாட்களில் என்ன பாடு படுகிறார் என்பதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. செயற்குழுவில் பெண்கள் இருக்கிறீர்கள், உங்களுக்கே புரியும்.

சில வருஷம் முன்புவரை இந்தக் கஷ்டம் இவ்வளவு இல்லை. அப்போது அவர் கூவம் கரையில் இருந்தார். இரண்டு வீட்டு வேலைக்கு நடுவில் ஓடிப்போய் வந்துவிடலாம். பிறகு கரையோரக் குடிசைகளை எடுத்தபோது பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். இங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். இருட்டோடு எழுந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். 2021லிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் வேலையை விடாமல் இருக்கிறார், இல்லாவிட்டால் சம்பளத்தில் பாதி பஸ்ஸுக்கே போய்விடும். அங்கே ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறவருக்கு அடுத்த கழிப்பறை எங்கள் வீட்டுக் கழிப்பறைதான். நடுவில் ஏழு மணி நேரம்.

இனி மனுவின் வாசகத்துக்கு வருகிறேன். "பழம்பெருமை வாய்ந்த, அமைதியான குடியிருப்புப் பகுதியின் தன்மை கெட்டுவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஊரின் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு, அதனால் அந்தப் பெருமையைப் பற்றிக் கொஞ்சம் பேச அனுமதியுங்கள்.

நுங்கம்பாக்கம் 1708இல் திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகியவற்றோடு சேர்த்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்ட ஐந்து கிராமங்களில் ஒன்று. பின்னால் கம்பெனிக்காரர்களின் தோட்ட வீடுகள் வந்தன. 1792இல் வானியல் ஆய்வுக்கூடம் வந்தது. அதன் கல்தூண் இன்றும் கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது, தமிழ் எழுத்தும் அதில் இருக்கிறது. சென்னையில் எவ்வளவு மழை என்று தமிழ்நாடே கேட்கும்போது சொல்லப்படுகிற கணக்கு நம் நுங்கம்பாக்கத்தில் அளந்தது. இதெல்லாம் எனக்கும் பெருமைதான்.

ஆனால் நாம் குடியிருக்கிற இந்தத் துண்டு நிலத்தின் கதை வேறு. இது ஏரி. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளமாகக் கிடந்த நீர்ப்பரப்பு, பழைய மதராஸ் வரைபடங்களில் நீள ஏரி என்றே குறிக்கப்பட்டது. கரையோரக் கிராமங்களின் வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் அது. 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் மாம்பலம் பக்கத்து ஏரியை வற்ற வைத்து, மனை பிரித்து, தியாகராய நகரை உண்டாக்கினார்கள். அந்த ஆட்சியின் முதலமைச்சர் பனகல் ராஜா பெயரில் பூங்கா, கட்சித் தலைவர் தியாகராயர் பெயரில் நகர். நம் பக்கத்து ஏரியும் மெல்ல மெல்லத் தூர்ந்து மனையாயிற்று. 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டத்தின் கல்தேர் நிற்பதும் ஏரி இருந்த இடத்தில்தான். மிஞ்சியவை பெயர்கள். இங்கே டேங்க் பண்ட் ரோடு, அங்கே மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு, நம் விலாசத்தில் லேக் ஏரியா.

அந்த ஏரி எந்த ஒரு வீட்டுக்காரருக்கும் சொந்தமாக இருந்ததில்லை. ஊர்ப் பொதுத் தண்ணீர். அதை மூடி நமக்கு மனையாகக் கொடுத்தார்கள், பட்டா கொடுத்தார்கள், குடிநீர் இணைப்பும் பாதாளச் சாக்கடையும் கொடுத்தார்கள். நாம் மரம் வைத்தோம், பூங்கா வளர்த்தோம், சங்கம் கண்டோம். கூவம் கரையில் தகரம் போட்டுக் குடியிருந்தவர்களுக்கு மட்டும் நீர்நிலை ஆக்கிரமிப்பாளர் என்று பெயர் வந்தது. அவர்களைக் கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில் இருக்கிறது. அந்தச் சதுப்பு நிலம் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதை நம் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கைதட்டிக் கொண்டாடினோம். ஏரிக்குள் வீடு கட்டியவர்கள் பழம்பெருமைக்காரர்கள், ஆற்றோரம் குடிசை போட்டவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் என்பது எந்த ஊர் நியாயம்? நகரத்தை இப்படிப் பங்கு போட்டவர்கள் மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு இந்த மடல் போதாது. அது உங்கள் பொறுப்பு இல்லை என்பதும் தெரியும். மன்னியுங்கள், மனுவுக்கே திரும்புகிறேன்.

2015 நவம்பரில் சென்னையில் நூற்று நான்கு சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது, 1918க்குப் பிறகு எந்த நவம்பரிலும் இல்லாத அளவு. அடுத்து டிசம்பர் முதல் தேதி நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். நம் தெருவில் முழங்கால் தண்ணீர், பல நாள் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. மாடி வீடுகளில் இருந்த வயதானவர்கள் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாமல் தவித்தபோது, கீழே அடிபம்பில் அடித்து, பக்கெட் பக்கெட்டாக மூன்றாவது மாடி வரை சுமந்து வந்து ஊற்றியவர்கள் யார்? அன்றைக்கு இருந்த வாட்ச்மேனும், வேலைக்கு வந்த இந்தப் பெண்களும், அயர்ன் வண்டிக்காரரும். அவர்கள் வீடுகளுக்குள் அப்போது கூவத்துத் தண்ணீர் ஏறியிருந்தது. தெருவில் மலையாகக் குவிந்த குப்பையை அள்ள வெளி மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் வந்தார்கள். அந்த ஆண்டு விழா மலரில் இதை நன்றியோடு எழுதியதும் நம் சங்கம்தான். அதே சங்கம் அவர்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டாம் என்று எழுதலாமா?

மனு சொல்லும் காரணங்களை நான் ஒதுக்கவில்லை. நாற்றம் வரும் என்கிறீர்கள். பராமரிக்காவிட்டால் வரும், உண்மை. இந்த நகரத்தில் கட்டிய மறுவருஷமே பூட்டிக் கிடக்கிற கழிப்பறைகளை நானும் பார்த்திருக்கிறேன். குழாயில் தண்ணீர் வராது, விளக்கு எரியாது, பெண்கள் பக்கத்துக் கதவு கழன்று நிற்கும். அப்படி ஆகக்கூடாது என்றால் அதற்குத்தான் நாம் மனுப் போட வேண்டும். தனிக் குழாய் இணைப்பு, நாள் முழுக்க ஆள், பெண்கள் பக்கம் உள்தாழ்ப்பாள், நாப்கின் போடத் தொட்டி, ராத்திரி விளக்கு என்று கேட்டு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. கோலப் போட்டிக்கும் ஆண்டு விழாப் பந்தலுக்கும் நாம் வசூலிக்கிற பணத்தில் ஒரு பங்கை அதன் பராமரிப்புக்கு ஒதுக்கலாம். என் பங்கைத் தனியாகத் தரவும் தயார்.

வெளியாட்கள் வந்து கூடுவார்கள் என்று இன்னொரு காரணம். யார் அந்த வெளியாட்கள்? விடிகாலையில் தெருக் கூட்டுகிறவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், பூங்கா வாசலில் பூ விற்கிற அம்மா, ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், சோற்றுப் பொட்டலத்தோடு பைக்கில் வந்து கேட்டில் காத்து நிற்கிற பையன்கள். இவர்கள் ஏற்கெனவே தினமும் இங்கேதான் இருக்கிறார்கள், நாம் கூப்பிட்டு வந்தவர்கள். வீட்டு மதிப்பு குறையும் என்ற வரிக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

தி.நகர் துணிக்கடைகளில் பத்து மணி நேரம் நின்றபடியே வேலை செய்த பெண்களைப் போன்றவர்களுக்காக, கடைகளில் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது. வீடுகளுக்குள் வேலை செய்கிற பெண்களின் கஷ்டம் அப்படி வெளியே தெரிவதுகூட இல்லை. அவர்கள் கேட்பதற்கு இருக்கும் ஒரே இடம் நாம்தான், நம்மிடமோ கேட்கவே பயப்படுகிறார்கள்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன்பாக அந்த மனுவைத் திரும்பப் பெறுங்கள். திரும்பப் பெற்றதை எல்லா வீடுகளுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களில் சிலராவது முழுத் தாளையும் படிக்காமல் போட்டிருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. அவர்களிடம் மறுபடி கேளுங்கள், இந்த முறை வாட்ச்மேனை அனுப்பாமல் செயற்குழு உறுப்பினர்களே நேரில் போய்க் கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. கழிப்பறை கட்டி முடிய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சங்க அலுவலக அறையை ஒட்டிய கழிப்பறையைக் காலை ஆறு மணிக்கே திறந்து வைக்க ஏற்பாடு செய்யுங்கள். சாவி உங்களிடம்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வருகிறேன். இந்தப் பொருளைக் கடைசியில் "இதர விஷயங்கள்" என்பதற்குள் வைக்காமல் முதலில் எடுத்துக்கொள்ளும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சங்கத்தின் நெடுநாள் உறுப்பினர் ஒருவர்,
நுங்கம்பாக்கம்